இடைவெளியைப் பார்க்கப் பழகுதல்

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஓவியத்தையும் சிற்பத்தையும் பார்த்து ரசிக்கத் தொடங்கும் மாணவர்களுக்காகக் கலையின் அடிப்படைச் சொற்கள் சிலவற்றை விளக்க வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டபோது, ஒரு படத்தைக்கூடக் காட்ட முடியாத வானொலியில் இதை எப்படிச் சொல்வது என்று முதலில் தயங்கினேன். பிறகு, நமக்கு வேண்டிய படங்கள் எல்லாம் ஏற்கெனவே உங்கள் நினைவில் இருக்கின்றன என்பது விளங்கியது. வாசல் கோலம், மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பம், நடராசர் திருமேனி, மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலை ஆகியவற்றை நேரிலோ படத்திலோ பார்த்திராதவர்கள் நம்மில் மிகச் சிலரே. நான் பெயரைச் சொல்லும்போது அவற்றை நீங்கள் மனக்கண்ணில் கொண்டுவந்தால் போதும்.

முதல் சொல் கோடு. கோட்டை அறிய ஓவியக் கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. விடியற்காலையில் சாணம் தெளித்த வாசலுக்குப் போனால் போதும். சிக்குக் கோலம் போடுபவரின் கையைக் கவனித்திருப்பீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு இறங்குகிறது. புள்ளிகளை வைத்து முடித்ததும், எந்தப் புள்ளியையும் தொடாமல், ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து, கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. அதே கோலத்தைப் பத்து வயதுச் சிறுமி போட்டால், எந்த இடத்தில் அவள் தயங்கினாளோ அந்த இடத்தில் மாவு குவிந்து கோடு தடித்திருக்கும். எந்த இடத்தில் பயந்து அவசரப்பட்டாளோ அங்கே மெலிந்து அறுந்திருக்கும். அவளுடைய பாட்டி போட்ட கோட்டில் தொடக்கம் எது, முடிவு எது என்றே தெரியாது. கோடு என்பது கை நடந்து போன தடம் என்று நான் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். ஓர் ஓவியத்தின் முன் நிற்கும்போது, அது எதைக் காட்டுகிறது என்று கேட்பதற்கு முன், அதன் கோடுகள் விரைந்தனவா, தயங்கினவா, எங்கே அழுந்தின என்று பாருங்கள்.

கோடு சுற்றிவந்து தன் தொடக்கத்தோடு சேர்ந்துவிட்டால் ஓர் இடம் அடைபடுகிறது. அடைபட்ட அந்த இடத்துக்கு வடிவம் என்று பெயர். வடிவத்துக்கு நீளமும் அகலமும் உண்டு, கனம் கிடையாது. கனமும் சேர்ந்தால் அதைத் திரட்சி என்கிறோம். தாளில் வரைந்த வட்டம் வடிவம். கையில் வைத்திருக்கும் எலுமிச்சம்பழம் திரட்சி. அந்தப் பழத்தைத் தாளில் வரைய வேண்டுமானால் வட்டம் மட்டும் போதாது. வெளிச்சம் படும் பக்கத்தை வெளிறவிட்டு, மறுபக்கத்தைப் படிப்படியாகக் கருமையாக்க வேண்டும். இதற்கு ஒளிநிழல் என்று பெயர். தட்டையான தாளில் பழம் உருண்டு நிற்பது இதனால்தான்.

இப்போது, இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்த சொல்லுக்கு வருகிறேன். அந்தச் சொல் வெளி. இடைவெளி, வெற்றிடம், சும்மா விடப்பட்ட இடம் என்று எப்படிச் சொன்னாலும் பொருள் ஒன்றே. தொடக்க நிலையில் இருப்பவர்கள் எல்லோரும் கடைசியாகக் கற்றுக்கொள்வது இதைத்தான். முதலில் கற்றுக்கொள்ள வேண்டியதும் இதுவே என்பது என் நெடுநாளைய கருத்து. நானும் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும்.

எனக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். எங்கள் ஓவிய ஆசிரியர் எங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே செப்புத் திருமேனிகளின் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். நாம் வழக்கமாகப் பார்க்கும் நடராசரைச் சுற்றித் திருவாசி என்னும் சுடர் வளையம் இருக்கும். இந்தத் திருமேனிக்கு அது இல்லை. சுற்றிலும் எந்தச் சட்டமும் இன்றித் திறந்த வெளியில் ஆடும் சோழர் காலத்துக் கூத்தர் இவர். ஆசிரியர் எங்களைத் தரையில் உட்காரவைத்து வரையச் சொன்னார்.

நான் மிகுந்த அக்கறையோடு தொடங்கினேன். முகத்தை வரைந்தேன். உடுக்கை ஏந்திய கை, நெருப்பு ஏந்திய கை, அஞ்சேல் என்று காட்டும் கை, குறுக்கே வீசிய கை என்று ஒவ்வொன்றாக வரைந்தேன். விரல்கள் நன்றாக வந்திருந்தன, அணிகலன்களும் நன்றாக வந்திருந்தன. இரண்டு மணி நேரம் கழித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, என் தாளில் இருந்தவர் ஆடவில்லை, இடறி விழுந்துகொண்டிருந்தார். எத்தனை முறை அழித்து வரைந்தாலும் அவர் நிமிரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆசிரியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் படத்தைத் திருத்தவில்லை. புதிய தாளை எடுத்து வைத்து, "தம்பி, சாமியை வரையாதே. சாமி இல்லாத இடத்தை மட்டும் வரை" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பென்சிலை நீட்டிக் காட்டினார். ஊன்றிய வலக்காலுக்கும் தூக்கிய இடக்காலுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வடிவம் என்ன? வீசிய கைக்கும் தூக்கிய காலுக்கும் நடுவே இன்னொன்று. அது எவ்வளவு ஒடுங்கியது? உடுக்கை ஏந்திய கைக்கும் தலைக்கும் இடையே ஒன்று; அதற்கு ஈடாக மறுபுறம் இருப்பது அதைவிடப் பெரியதா, சிறியதா? இவற்றை மட்டும் கரிக்கோலால் நிரப்பச் சொன்னார்.

அரை மணி நேரம் அந்த இடுக்குகளை மட்டும் நிரப்பினேன். கையைப் பற்றியும் காலைப் பற்றியும் நினைக்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது, நான் தொடாமல் விட்ட வெண்மையில் கூத்தர் ஆடிக்கொண்டிருந்தார். முகம் இல்லை, விரல்கள் இல்லை, ஆனால் நிலை சரியாக இருந்தது. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன், ஓரங்கள் பழுப்பேறிவிட்டன.

என்ன நடந்தது என்று பின்னால்தான் யோசித்தேன். கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம் மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது; கண் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் படத்தைத்தான் நாம் வரைகிறோம். இடைவெளிக்கு அப்படி எந்தப் படமும் மனத்தில் இல்லை, அதற்குப் பெயரும் இல்லை. ஆகவே அதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டியிருக்கிறது. வரையாதவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு சிற்பத்தின் முன் நிற்கும்போது, உடல் இருக்கும் இடத்தை ஒரு முறையும் உடல் இல்லாத இடத்தை ஒரு முறையும் பாருங்கள். அந்த இடைவெளிகளையும் சிற்பி அளந்துதான் விட்டிருக்கிறார்.

இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு மாமல்லபுரத்தில் இருக்கிறது. அருச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் இரு விதமாகச் சொல்லப்படும் அந்தப் பல்லவர் காலப் பாறைச் சிற்பம், பின்னணிப் பாறையோடு ஒட்டியபடி புடைத்து நிற்பதால் புடைப்புச் சிற்பம் எனப்படுகிறது. ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள அந்தப் பாறைப் பரப்பின் நடுவே இயற்கையாகவே ஒரு பிளவு இருக்கிறது. வேறொருவராக இருந்தால், நடுவில் வெடிப்புள்ள இந்தப் பாறை வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பார். பல்லவச் சிற்பிகளோ அந்தப் பிளவையே நடுவாக வைத்து, அதில் நாகங்களைச் செதுக்கி, தேவர்களும் முனிவர்களும் விலங்குகளும் இருபுறமிருந்தும் அதை நோக்கி வரும்படி அமைத்தார்கள். மேலே தொட்டி கட்டி, அந்தப் பிளவின் வழியே தண்ணீரை வழியவிட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. தண்ணீர் இல்லாத இன்றும் நம் கண் அந்த வெற்றிடத்துக்குத்தான் போகிறது. மீண்டும் சொல்கிறேன், அந்தச் சிற்பத்தின் மையம் ஓர் இடைவெளி.

அங்கே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பாறை கிழக்கு நோக்கியது. அதிகாலையில் வெயில் நேர் எதிரே அடிப்பதால் நிழல் குறைவாக இருக்கும். உருவங்கள் சற்றுத் தட்டையாகத் தெரியும். பொழுது ஏற ஏற வெயில் மேலிருந்து சரிந்து விழும். அப்போது, ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவரின் விலா எலும்புகள் ஒவ்வொன்றின் கீழும் ஒரு நிழற்கோடு விழுவதையும், பெரிய யானையின் வயிற்றுக்கு அடியில் குட்டிகள் நிற்கும் இடம் இருண்டு ஆழமாவதையும் பாருங்கள். சற்று முன் எலுமிச்சம்பழத்தை வைத்துச் சொன்ன ஒளிநிழலைத்தான் அங்கே கதிரவன் போட்டுக் காட்டுகிறான்.

அடுத்த சொல் சமநிலை. கோலத்தை நான்கு பக்கமாக மடித்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும், அது சமச்சீர். ஆனால் இருபுறமும் ஒன்றுபோல இல்லாமலும் சமநிலை உண்டாகும். இடுப்பில் தண்ணீர்க்குடத்தை வைத்து நடக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். குடம் ஒரு புறம் இழுக்க, இடுப்பு அந்தப் புறம் ஒதுங்க, தோள் எதிர்ப்புறம் சாய, மறு கை சற்று விரிகிறது, அவள் விழுவதில்லை. சோழர் காலத்து உமையின் செப்புத் திருமேனிகளில் திரிபங்கம் என்று சொல்லப்படும் மூவளைவு நிலை இதற்கு நெருங்கிய உறவு. மாமல்லபுரத்திலும், பிளவுக்கு வலப்புறம் கீழே யானைகளின் பேருடல். இடப்புறம் அதற்கு இணையான யானை கிடையாது. ஒரு சிறு கோயிலும், அதன் முன் அமர்ந்த முனிவர்களும், மேலே நிற்கும் சிவபெருமானும் சேர்ந்து அந்தப் பக்கத்தைத் தாங்குகிறார்கள்.

கோட்டின் திசையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். படுத்த கோடு அமைதியைத் தரும், நிமிர்ந்த கோடு உறுதியைத் தரும், சாய்ந்த கோடு அசைவைத் தரும். மெரினாவில் 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையில், சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த, பாறையைப் புரட்டும் நான்கு மனிதர்களின் உடல்களும் சாய்ந்தே இருக்கின்றன. பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போது பாருங்கள். பாறை அசையப் போகிறது என்று நம்மை நினைக்க வைப்பவை அந்தச் சாய்கோடுகளே.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து நேரம் நெருங்கிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். நிறத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணி, சித்தன்னவாசல் குகை ஓவியத்தில் உள்ள தாமரைக் குளத்தைப் பற்றிக் குறிப்புகள் எழுதி வந்திருந்தேன். அதற்கு இடம் இல்லாமல் போயிற்று. ஆகவே வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அதை வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் நீலமாகவும் மறு கோணத்தில் பச்சையாகவும் தெரியும். பாவு எனப்படும் நீளவாட்டு நூலுக்கு ஒரு நிறமும் ஊடை எனப்படும் குறுக்கு நூலுக்கு வேறொரு நிறமும் கொடுத்து நெசவாளர் நெய்திருக்கிறார். மயில்கழுத்து நிறத்தில் சாயம் தோய்த்த நூல் ஒன்றுகூட அந்தப் புடவையில் கிடையாது. இரண்டு நிறங்களும் கலப்பது நம் கண்ணில். ஒரு மடிப்பை மட்டும் விரலால் நீவி, அதன் முகட்டில் எந்த நிறம், பள்ளத்தில் எந்த நிறம் என்று பாருங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.