சென்னையிலிருந்து பலாலி எவ்வளவு தூரம்?

நேயர்களுக்கு வணக்கம்.

கைக்கெட்டும் தூரத்தில் வரைபடம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கோலும் வேண்டும். சென்னையிலிருந்து மதுரையை அளங்கள். பிறகு யாழ்ப்பாணத்தை அளங்கள். மதுரை வான்வழியாகச் சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி சுமார் 355. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்தான் கிட்ட!

முப்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான். இதைச் சொன்னதும் பிள்ளைகள் கோலைத் திருப்பிவைத்து மறுபடியும் அளப்பார்கள். மதுரையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆனால் மதுரை மேற்கே ஒதுங்கிவிட்டது. பலாலியோ சென்னைக்கு நூல் பிடித்தாற்போல் நேர் தெற்கே. சென்னை 13 பாகை, பலாலி 9.8. வித்தியாசம் 3.2. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 355 வந்துவிடும்.

1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் மதராஸ் வந்தது. போர்க்காலத்தில் அந்த வழி அடைபட்டது.

2012இல் அம்மம்மா தவறிப்போன செய்தி வந்தது. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம், 650 கிலோமீட்டர். அங்கிருந்து இரவு பஸ்ஸில் வடக்கே சுமார் 400 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே போய், தாண்டிய தூரத்தைத் தரைவழியே திரும்பி வந்தேன். படலையைத் திறக்கும்போது முற்றத்தில் பந்தல் மட்டும் இருந்தது. "எடுத்திட்டினம் பிள்ளை" என்றார் சின்னம்மா. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. நான் பாடம் நடத்திய 355 கிலோமீட்டர் அன்று எனக்கு உதவவில்லை.

2019 அக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. நவம்பரில் தொடங்கிய சென்னை விமானம் கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. 2023இல் நானும் ஏறினேன்.

ஏடிஆர் என்ற சின்ன விமானம், இரண்டு பக்கமும் விசிறி. மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். அப்படியானால் 43 நிமிடம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போட்டிருந்தது. அதில் பிழையில்லை. நின்ற இடத்திலிருந்து நகர்ந்து மறுபடி நிற்கும் வரை எல்லாமே கணக்கில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மெல்ல ஏறுவது, இறங்குமுன் வேகத்தைக் குறைத்துச் சுற்றி வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். நீண்ட பயணத்தில் இந்த நிமிடங்கள் கரைந்துபோகும். குறுகிய பயணத்தில் இவைதான் பாதி. விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வது வேறு.

வலப்பக்க ஜன்னல். கொஞ்ச நேரம் நீலம் மட்டும். பிறகு இறக்கைக்குக் கீழே பனை, செம்மண், வெங்காயத் தோட்டத்துக் கிணறு ஒன்று.

வெளியே வந்து சின்னம்மாவுக்குப் போன் செய்தேன்.

"சோறு இன்னும் வடிக்கேல்லை, அதுக்குள்ள வந்திட்டியோ?"