மூன்றாண்டுத் திட்டமும் வடகடலின் வெப்பமும்

நேயர்களுக்கு வணக்கம். கடல், பருவநிலை, மீன்வளம் ஆகிய துறைகளில் ஆய்வைத் தொடங்கும் இளைஞர்கள் முதலில் எதில் கைவைக்க வேண்டும் என்று பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்தார்கள். இந்தக் கேள்விக்கு இராமநாதபுரம் கரை பொருத்தமான இடம். 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை, நம் மண்டபம் ஊரையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. நாட்டின் கடல் ஆய்வர்கள் பலர் மீன் எண்ணக் கற்றது இந்த மணலில்தான்.

என் முதல் ஆய்வுத் திட்டம் 2013 முதல் 2015 வரை நடந்தது. வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், பவளப்பாரின், அதாவது பவளப்பாறையின், மேல் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரம் தவறாமல் நாட்டுப்படகில் சென்று நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்தோம். மூன்றாண்டு முடிந்ததும் நிதி நின்றது. கருவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 2016 மே மாதத்தில், பாசி எடுக்கும் அக்கா ஒருவர் கரையில் என்னைப் பார்த்து, "தம்பி, தண்ணி சுடுது, பாரெல்லாம் வெள்ளையாக் கிடக்குது" என்றார். அந்த ஆண்டு உலகின் பல கடல்களில் பவளங்கள் வெளிறின; நம் மன்னார் வளைகுடாவும் வடகடலும் அதற்குத் தப்பவில்லை. பவள உயிரியின் உடலுக்குள் வாழ்ந்து, அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி, நீரின் வெப்பம் தாங்கும் அளவைக் கடந்து சில வாரங்கள் நீடித்தால் வெளியேற்றப்படுகிறது. அப்போது வெண்மையான சுண்ணாம்புக் கூடு வெளியே தெரிகிறது. வெப்பம் எந்த வாரத்தில் ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று சொல்லும் குறிப்பு என்னிடம் இல்லை. அதற்கு முந்தைய மூன்றாண்டுக் குறிப்பு மட்டும் இருந்தது. அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை. ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: இளம் ஆய்வர் புதிய கேள்வியைத் தேடுவதற்கு முன், அறுந்துபோகாத ஓர் அளவீட்டுத் தொடரில் தம் கையையும் சேர்க்க வேண்டும்.

செயற்கைக்கோளும் மிதவைகளும் இருக்கையில் படகு எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். உலகக் கடல்களில் ஆர்கோ எனப்படும் ஏறத்தாழ 4000 தானியங்கி மிதவைகள் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர்வரை இறங்கி, மேலேறும் வழியில் அளவெடுத்துச் செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. ஆழ்கடலைப் பற்றிய நம் அறிவை அவை மாற்றிவிட்டன. ஆனால் வடகடலின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அங்கே அந்த மிதவைகளுக்கு இடமில்லை. செயற்கைக்கோள் காண்பது நீரின் மேற்பரப்பை மட்டுமே. கரையை ஒட்டிய இடங்களில் நிலத்தின் வெப்பமும் அதன் கணக்கில் கலந்துவிடும், மேகம் மூடினால் அதுவும் கிடைக்காது. பாரின் மேல் இரண்டு மீட்டர் ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதை அங்கே போய்த்தான் அளக்க வேண்டும்.

அதற்கு உரிய காலம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பவளம் வெளிறுவதும் பெரும்பாலும் இதே நாள்களில்தான். நாட்டுப்படகுக்காரர்கள் அப்போதும் கடலில் இருப்பதால், நமக்கு வழித்துணை அவர்களே.

மீன் கணக்கிலும் இளையோர் தவறும் இடம் ஒன்று உண்டு. இராமேசுவரம் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று நெடுநாளாக ஒரு முறை இருந்து வருகிறது. தமக்கு வசதியான ஒரே கிழமையில் இறங்குதளத்துக்குப் போகும் மாணவர், விசைப்படகு நாளில் காரல் மீனும் இறாலும் குவிவதை மட்டும் கண்டோ அல்லது நாட்டுப்படகு நாளில் நண்டு வலையை மட்டும் கண்டோ முழுக்கடலையும் எழுதிவிடுகிறார். எத்தனை கிலோ என்பதோடு எத்தனை படகு, எவ்வளவு நேரம், எந்த வலை என்பதையும் குறித்துக்கொள்ளாவிட்டால், மீன் குறைந்ததா, பிடிப்பவர் குறைந்தாரா என்று பிரித்தறிய இயலாது.

மத்தி என்றும் சொல்லப்படும் பேச்சாளையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பெரும்பாலும் கேரள, கர்நாடகக் கரைகளில் பிடிபட்ட இந்த மீன், 1980-களின் பிற்பகுதிக்குப் பின் தமிழகக் கரையிலும் பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது. கடல் வெப்பமானதே காரணம் என்று ஆய்வர்கள் கருதினார்கள். அது வலுவான கருத்து. ஆயினும் அதைச் சோதிக்கப் பல பத்தாண்டுகளின் மீன் கணக்கு தேவைப்பட்டது. அந்தக் கணக்கை எழுதியவர்கள் வெயிலில் கரைக்குக் கரை நடந்த களப்பணியாளர்கள். அவர்களுள் பலர் எழுதும்போது பருவநிலை மாற்றம் என்ற சொல்லையே கேட்டதில்லை.

ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையான ஆண்டுகளைக் கடல் அறிவியல் பத்தாண்டாக அறிவித்து, இளம் ஆய்வர்களுக்கும் அதில் இடம் தந்துள்ளது. மகிழ்ச்சிதான். அந்த இடத்துக்கு நம் மாணவர் போகும்போது, நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்றும், கச்சான் என்னும் மேல்காற்று எப்போது எழுந்தது என்றும் சொல்லிக்கொடுத்த மீனவரின் பெயரும், அவர் சம்மதத்தோடு, கட்டுரையில் இடம்பெற வேண்டும். நன்றியுரையில் ஒரு வரி போதாது. அவர் தந்தது தரவு.

நானும் மூன்று மாணவர்களும் பழைய இடத்தில் மீண்டும் அளக்கத் தொடங்கியுள்ளோம். இம்முறை நிதியை எதிர்பார்க்கவில்லை; ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு, படகு உரிமையாளர் ஒருவரின் ஒப்புதல் ஆகியவை இருக்கின்றன. நான் போக முடியாத வாரத்தில் அவரே அளந்து எழுதி வைக்கிறார். வரும் ஏப்ரலில் விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்ட பிறகு, வாரத்துக்கு ஒருமுறை என்பதை நாள்தோறும் என்று மாற்ற இருக்கிறோம். விடியற்காலை ஐந்து மணிக்குப் படகில் ஏற இசையும் கல்லூரி மாணவர்கள் எங்களோடு வரலாம்.

வணக்கம்.