ஆச்சியின் தையல் மெஷினுக்குள் ஓர் இதயம்! 624 சுற்றில் ஒரு மஞ்சப்பை

[திரையில்: கருப்பு மெஷினின் வலது ஓரம், மிக அருகில்]

இந்த மெஷினுக்கு ஓர் இதயம் இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை. இதோ, கைச்சக்கரத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் நோட்டில் வரைவார்களே, அதே இதய வடிவம், இரும்பில். அழகுக்காக வைத்ததில்லை. இந்த வடிவம் இல்லாவிட்டால், கீழ் நூலைச் சுற்றிவைக்கும் பாபினில் நூல் ஒழுங்காகச் சுற்றாது. ஏன் என்று சொல்கிறேன், அதுவரை இருங்கள்.

வணக்கம். இது என் ஆச்சியின் கை மெஷின். சிங்கர் 28கே. ஆச்சிக்கு அவள் அம்மா கொடுத்தது, இப்போது என்னிடம் வந்திருக்கிறது. இன்றைக்கு இதில் ஒரு மஞ்சப்பை தைக்கப் போகிறேன். கூடவே இது எப்படித் தைக்கிறது என்பதையும் உள்ளே திறந்து காட்டுகிறேன்.

வரலாற்றை வேகமாக முடித்துவிடுகிறேன். 1846இல் எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் இரண்டு நூலைப் பூட்டித் தைக்கும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1851இல் ஐசக் சிங்கர் அதைவிட நன்றாக ஓடும் ஒன்றுக்கு வாங்கினார். அப்புறம் தவணை முறையில் விற்றார்கள், உலகமெங்கும் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. என் மெஷின் ஸ்காட்லாந்தில், கிளைட்பேங்க் என்ற ஊரில் செய்தது. தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். ஆனால் அந்த ஊரில் ரயில் நிலையத்தின் பெயர் இன்னும் 'சிங்கர்'தான்.

உங்கள் வீட்டில் பழைய சிங்கர் இருந்தால் அடித்தட்டில் ஓர் எண் பொறித்திருக்கும். என்னுடையது 'ஒய்' என்ற எழுத்தில் தொடங்குகிறது. 1920களிலும் 30களின் முதல் பாதியிலும் கிளைட்பேங்கில் செய்தவற்றுக்கு அந்த எழுத்து. உங்கள் மெஷினின் முதல் எழுத்தைக் கமெண்டில் எழுதுங்கள், நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.

காந்தி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற மாணவர் அவரிடம், எல்லா இயந்திரங்களையுமா எதிர்க்கிறீர்கள் என்று கேட்டார். இல்லை, சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அன்பினால் சிங்கர் இதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தி சொன்ன காரணம். உண்மையில், பாஸ்டனில் ஒரு பட்டறையில் வேறொருவரின் மெஷினைப் பார்த்து, அதை மேம்படுத்தித்தான் சிங்கர் தன்னுடையதைச் செய்தார். மனைவி கதை உண்மை இல்லை. ஆனாலும் காந்தி தேர்ந்தெடுத்தது சரியான மெஷினைத்தான் என்று நினைக்கிறேன். கேள்வி கேட்ட அந்த மாணவரும் டாக்டர் சௌந்தரமும் சேர்ந்துதான் 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

சரி, மெஷினுக்கு வருவோம்.

ஆச்சி போய் ஆறு வருஷமாக இது பரண்மேல் கிடந்தது. இறக்கிச் சுற்றினால் சக்கரம் அசையவே இல்லை. காரணம் தேங்காய் எண்ணெய். வீட்டில் யாரோ எப்போதோ விட்டிருக்கிறார்கள். அது நாள்பட்டால் பிசின் மாதிரி இறுகிவிடும். தயவுசெய்து தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை லேசாக அசைத்தேன். 'டக்' என்று விட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. துடைத்து மெஷின் எண்ணெய் விட்டதும் சுண்டுவிரலால் சுற்ற முடிந்தது. இன்னொன்று, மேலே இருக்கும் தங்கநிறச் சித்திரத்தின்மேல் சானிடைசர் படக்கூடாது. அதற்கு மேல்பூச்சு அரக்கு மெருகு, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.

[திரையில்: பாபின் சுற்றும் கருவி, மெதுவாக]

இப்போது அந்த இதயம். இந்த மெஷினின் பாபின் வட்டமாக இருக்காது, தீக்குச்சி மாதிரி ஒல்லியாக, நீளமாக இருக்கும். அதில் நூல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கனத்தில் சுற்ற வேண்டும். அதற்கு நூலை நடத்தும் கம்பி இடமும் வலமுமாக ஒரே வேகத்தில் போய்வர வேண்டும். ஒரு வட்டச் சக்கரத்தை மையம் தள்ளி மாட்டி அந்தக் கம்பியைத் தள்ளினால் என்ன ஆகும்? நடுவில் ஓடும், இரண்டு ஓரத்திலும் தயங்கும். தயங்கும் இடத்தில் நூல் குவிந்து குண்டாகிவிடும். இதய வடிவில் அந்தத் தயக்கம் இல்லை. மேலே பள்ளமாக இருக்கும் இடம் மையத்துக்கு மிகப் பக்கம், கீழே இருக்கும் கூர்முனை மிகத் தூரம். பள்ளத்திலிருந்து முனை வரை, எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்குத் தூரம் கூடிக்கொண்டே போகும். முனையைத் தாண்டியதும் அதே கணக்கில் குறையும். கம்பி ஒரே சீராகப் போய், ஒரே சீராகத் திரும்பும். இதை ஒரு மணி நேரம் சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கணக்குப் போட்டு ஒரு வடிவம் கண்டுபிடித்தால் அது இதயமாக வந்து நிற்கிறதே!

அடுத்தது இதைவிட நன்றாக இருக்கும்.

[திரையில்: முன்பக்கத் தகடு நகர்த்தப்பட்டு, ஷட்டில் தெரிகிறது]

பாபின் இந்த ஷட்டிலுக்குள் போகும். வடிவத்தைப் பாருங்கள், மூக்கு கூரான சின்னப் படகு மாதிரி. தமிழில் நெசவு நாடாவுக்கு 'ஓடம்' என்றும் ஒரு பேர் உண்டு. தறியில் ஓடுகிற அதே ஓடம்தான் இங்கே சின்னதாக முன்னும் பின்னும் ஆடுகிறது.

இப்போது சக்கரத்தை மிக மெதுவாகச் சுற்றுகிறேன். ஊசி துணியைக் குத்திக் கீழே இறங்குகிறது. அடிவரை போய், ஒரு நூலளவு மேலே ஏறுகிறது. நிறுத்துங்கள். ஊசிக்குப் பக்கத்தில் பாருங்கள், நூல் கொஞ்சமாகப் புடைத்து ஒரு வளையம். ஊசி ஏறுகிறது, நூலைத் துணி பிடித்துக்கொள்கிறது, அதனால் அந்தப் புடைப்பு. படகின் கூர்மூக்கு சரியாக அந்த வளையத்துக்குள் நுழைகிறது. மூக்கு மட்டுமில்லை, முழுப் படகும் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வருகிறது!

அப்படியென்றால் படகை எதில் மாட்டியிருக்கிறார்கள்? எதிலும் இல்லை. ஒரு தொட்டிலில் சும்மா கிடக்கிறது. எங்காவது திருகியிருந்தால் வளையம் அதைச் சுற்றிவர முடியாது. சுற்றிலும் நூல் நழுவ மட்டும் இடைவெளி. பிறகு மேலே இருக்கும் கொக்கி நூலை வெடுக்கென இழுக்கிறது. மேல் நூலும் கீழ் நூலும் பின்னிக்கொண்ட இடம் இரண்டு துணிக்கும் நடுவில் போய் ஒளிந்துகொள்கிறது. அவ்வளவுதான், ஒரு தையல். மேலே மேல் நூல் மட்டும் தெரியும், கீழே கீழ் நூல் மட்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது மெஷினிலும் இதே பூட்டுதான் நடக்கிறது. ஆனால் பாதியில் நிறுத்தி, விரலை வைத்து, நூல் எங்கே போகிறது என்று பார்க்க இந்தக் கைப்பிடி விடுகிறது. எனக்கு இது பிடித்ததற்குப் பெரிய காரணம் அதுதான். ஊசிகூட இன்றைக்குக் கடையில் வீட்டு மெஷினுக்கு என்று கேட்டால் தரும் அதே தட்டைத்தலை ஊசி. கிட்டத்தட்ட நூறு வயசு மெஷினில் நேற்று வாங்கிய ஊசி போய் உட்காருகிறது.

பைக்கு மஞ்சள் காடா துணி. அகலம் 14 அங்குலம், உயரம் 16. பக்கத் தையல் இரட்டையாக 64 அங்குலம், வாய் மடிப்பு 28, கைப்பிடி இரண்டும் 40, கைப்பிடியைப் பையில் சேர்க்க 24. மொத்தம் 156 அங்குலம். அங்குலத்துக்கு 12 தையல் வைத்தேன். மெஷினின் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் மூன்று தையல் விழும். ஆக 624 சுற்று.

வலது கை சுற்றுவதற்கே போய்விடும், இடது கை ஒன்றுதான் துணியை நடத்த வேண்டும். முதல் பக்கம் கோணிக்கொண்டு போனது, ஏனென்றால் நான் துணியை இழுத்தேன். சின்ன வயசில் ஆச்சி தோளில் தட்டிச் சொல்வாள்: "ஏட்டி, துணிய இழுக்காத. பல்லு இழுத்துக்கிடும், நீ வழிய மட்டும் காட்டு." துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டுக்குக் கீழே இருக்கும் பல்லைத்தான் சொன்னாள். கையைத் தளர்த்தினேன். இரண்டாவது பக்கம் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. கடையில் இதைவிட நேர்த்தியான பை கிடைக்கும். ஆனால் அந்த நேர்கோட்டை என் இடது உள்ளங்கை அறிந்துகொண்டது, அந்தச் சந்தோஷம் கடையில் கிடைக்காது.

[திரையில்: பையின் வாய், வெளிப்புறம், பிறகு உட்புறம்]

கடைசியாக ஒன்று. மெஷினைத் திறந்தபோது ஷட்டிலுக்குள் ஒரு பாபின் இருந்தது. ஆச்சி கடைசியாகச் சுற்றிவைத்த வானநீல நூல். இழுத்துப் பார்த்தேன், அறுந்துபோகவில்லை. அதை எடுக்காமல் மேலே மட்டும் மஞ்சள் நூல் கோத்தேன். பையின் வாயை வெளியிலிருந்து பாருங்கள், மஞ்சள். உள்ளே திருப்பினால் சுற்றிலும் நீலக்கோடு. முதல் கைப்பிடியும் அப்படியே.

இரண்டாவது கைப்பிடியில் பாதி வரும்போது நீலம் தீர்ந்தது. இதோ, இந்த இடம். இங்கிருந்து நான் சுற்றிய மஞ்சள்.