சுவர் இருந்தால்தான் சித்திரம்

(கரூர் மாவட்டத்துக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி அன்பு மிகுந்த சொற்களைச் சொன்ன நூலகர் அம்மையார் அவர்களே, தேர்வுப் பணிகளுக்கு நடுவிலும் மாணவியரை அழைத்துவந்து முன்வரிசையில் அமர்த்தியிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய வணிகர் சங்கப் பெரியோர்களே, காகிதபுரத்திலிருந்து வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் ஆலைத் தோழர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான மாலை வணக்கம். எனக்குப் போர்த்திய துண்டு நம் கரூர்த் தறியில் நெய்தது என்று தலைவர் ஐயா காதோடு சொன்னார். அதற்காக அவருக்குத் தனியே ஒரு நன்றி சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

நல்ல தாள், நல்ல பேனா, நல்ல பென்சில், நல்ல மை என்னும் நான்கும் நம் அன்றாட எழுத்துக்குத் தரும் இன்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பரிசுப் பெட்டியில் பட்டுத்துணி மேல் படுத்துக் கிடக்கும் பேனாவைப் பற்றி இன்று பேச்சில்லை. பால் கணக்கு, மளிகைச் சீட்டு, மகளுக்கு ஒரு கடிதம், படித்ததில் பிடித்த நான்கு வரி என்று தினமும் எழுதுகிறோமே, அந்த எழுத்தைப் பற்றியே பேசுகிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் பழமொழி. அதை உடல்நலத்துக்குச் சொல்வார்கள். நான் தாளுக்கும் சொல்வேன்.

ஆகவே தாளிலிருந்தே தொடங்குகிறேன். நம் மாவட்டத்துக் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டது. சாறு பிழிந்து எடுத்த கரும்புச் சக்கையைக் கூழாக்கி அங்கே தாள் செய்கிறார்கள். அடுத்த முறை வெள்ளைத்தாள் ஒன்றைக் கையில் எடுக்கும்போது அதில் ஒரு கரும்புத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாளின் எடையை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பார்கள். 80 கிராம் என்று போட்டிருந்தால், நாம் நகலெடுக்கப் பயன்படுத்தும் ஏ4 தாள் பதினாறு சேர்ந்தது ஒரு சதுர மீட்டர் என்பதால், ஒரு தாள் 5 கிராம் இருக்கும். ஆனால் எடை மட்டும் தாளின் தரத்தைச் சொல்லிவிடாது. தாளுக்கு ஏற்றப்படும் பசைதான் மையை மேலேயே நிறுத்துகிறது. பசை போதாத தாளில் மை இழையிழையாகக் கால் பரப்பி ஓடும், பின்பக்கம் பூத்துவிடும், அந்தப் பக்கத்தில் பிறகு எழுத முடியாது. நோட்டு வாங்கும்போது கடையிலேயே ஒரு மூலையில் ஒரு சுழி போட்டு, திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் அந்த நோட்டையே விலைக்கு வாங்கிவிடுங்கள்; அவரும் பிழைக்க வேண்டும்.

அடுத்தது பேனா. மைப்பேனாவின் நிப்பில் தலைமுடி அளவு ஒரு பிளவு இருக்கிறது. அடியில் நாக்கு இருக்கிறது. மை கீழே இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று மேலே ஏற வேண்டும். இரண்டுக்கும் நாக்கிலேயே வழி வெட்டியிருப்பார்கள். 1884இல் அமெரிக்காவில் வாட்டர்மேன் என்பவர் காப்புரிமை பெற்றது இந்த வழிக்குத்தான். நுனி தாளைத் தொட்டவுடன் மை தானாக இறங்கும், அழுத்தத் தேவையில்லை. பந்துமுனைப் பேனாவில் மை கெட்டி. பந்து உருண்டால்தான் வரும், உருள அழுத்த வேண்டும். நம் எழுத்தோ சுழியும் வளைவுமாக ஓடுவது. ‘ண’வையும் ‘ஞ’வையும் அழுத்தி அழுத்தி நூறு முறை எழுதிய பிள்ளையின் சுட்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். நம்மிடம் நல்ல பேனா செய்யும் கைகள் இல்லாமலில்லை. ராஜமுந்திரியில் கே.வி.ரத்னம் என்னும் பொற்கொல்லர் 1930களில் சுதேசிப் பேனா செய்து காந்தியடிகளின் பாராட்டைப் பெற்றார். நம் திருவள்ளூரில் இன்றும் எபோனைட் என்னும் கந்தகம் கலந்த கெட்டி ரப்பர் கம்பியைக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். அதை வெளிநாட்டிலிருந்து எழுதிக் கேட்டு வாங்குகிறார்கள்.

இங்கே என் தந்தையார் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் வேப்பமர மேசை ஒன்று போட்டு நாற்பது ஆண்டுகள் எழுதினார். கறுப்பு எபோனைட் பேனா ஒன்று வைத்திருந்தார். சற்று நேரம் கையில் பிடித்திருந்தால் சூடேறி, லேசாகக் கந்தக வாசம் வரும். அதை யாருக்கும் தரமாட்டார். பிறர் எழுதினால் நிப்பின் சாய்வு மாறிவிடும் என்பார். எனக்கே தந்ததில்லை.

1990களின் தொடக்கம்; பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம் ஊர் ஊராக நடந்த காலம். கல்லூரி விடுமுறையில் நான் அவருக்கு உதவியாக உட்கார்ந்திருந்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, தம் பங்கு நிலத்தை மகனுக்கு எழுதிவைக்க வந்தார். பத்திரம் முடிந்தது. மை ஒற்றும் பெட்டியை யாரோ அவர் பக்கம் நகர்த்தினார்கள். அவர் கையை மடியில் மறைத்துக்கொண்டு, “கையெழுத்துப் போடுவனுங்க” என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் தம் சட்டைப் பையிலிருந்து பந்துமுனைப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். கொத்துப் பிடித்துக் காய்த்த விரல்கள், முத்திரைத்தாளோ தடிமன். பேனா வழுக்கியது. முதல் எழுத்து வெறும் கீறலாக விழுந்தது, இரண்டாவதும் அப்படியே. “நேரமாகுது, கைநாட்டே வெச்சிருங்க” என்றது ஒரு குரல். அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது.

என் தந்தையார் எழுந்தார். தம் பேனாவின் மூடியைக் கழற்றி, நிப்பைத் துணியில் ஒற்றி, அந்த அம்மாவின் விரல்களுக்குள் வைத்தார். “அழுத்தாதீங்கம்மா, சும்மா தொடுங்க, அதுவே போகும்” என்றார். அவர் தொட்டார். மை இறங்கியது. ‘அம்மாள்’ என்று முடியும் பெயர் அது. கடைசி ‘ள்’ளின் சுழியைச் சுற்றி வந்து, கையைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு புள்ளி வைத்தார். கொட்டகையில் ஒரு சத்தமில்லை. தந்தையார் ஒற்றுத்தாளை மெல்ல வைத்து எடுத்தார். அந்த அம்மா தம் பெயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏனுங்க ஐயா, இன்னொருக்கா எழுதிப் பாக்கட்டுங்களா?” என்று கேட்டார். அதற்குப் பத்திரத்தில் இடமில்லை. தந்தையார் மேசை இழுப்பறையிலிருந்து நல்ல வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து விரித்தார். அந்தப் பக்கம் நிறையும்வரை அவர் தம் பெயரை எழுதினார். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று என் தந்தையார் அன்று சொல்லித்தான் நான் முதன்முதலில் கேட்டேன்.

பென்சிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதன் நடுவே இருப்பது காரீயம் அன்று. கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்த்துச் சுட்ட குச்சி. 1795இல் பிரான்சில் காண்டே என்பவர் கண்ட முறை அது. களிமண் கூடினால் கடினம், குறைந்தால் கருமை. அன்றாட எழுத்துக்கு எச்பி என்று குறித்த நடுத்தரப் பென்சில் போதும். முதியவர்களுக்கு அதைவிடக் கருமையான 2பி தாருங்கள், கண்ணுக்கும் கைக்கும் இதம். மையைப் பற்றி, குறிப்பாக நம் முன்னோர் கடுக்காயில் காய்ச்சிய மையைப் பற்றி, நிறையச் சொல்ல எண்ணியிருந்தேன். ஆனால் அதைவிட அவசரமான கோரிக்கை ஒன்று என்னிடம் இருக்கிறது. மூன்றாண்டுகளாகப் போகும் மேடையெல்லாம் அதைத்தான் கேட்டு வருகிறேன்.

ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஓர் எழுதுமேசை வேண்டும். படிக்க மேசை இருக்கிறது, எழுத இல்லை. சன்னலோரம் ஒரு மேசை. அதன் மேல் நன்றாக எழுதும் மைப்பேனா இரண்டு, சீவிய பென்சில் ஒரு குவளை நிறைய, மை ஊறாத தாள் ஒரு கட்டு, ஒற்றுத்தாள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் எழுதலாம். பேனா திருட்டுப் போகுமே என்று தலைவர் ஐயா சற்று முன் கவலைப்பட்டார். போனால் வேறு வைப்போம் ஐயா. எழுதத்தானே எடுத்துப் போகிறார்கள்! ஐந்நூறு தாள் கொண்ட கட்டு ஒன்றை ஒரு குடும்பம் பிறந்தநாளுக்கு ஒருமுறை தந்தாலே ஆண்டு முழுவதும் மேசை காலியாகாது. வணிகர் சங்கப் பெரியோர்களும் ஆலைத் தோழர்களும் மனம் வைத்தால் நம் மாவட்டத்துக் கிளை நூலகங்கள் எல்லாவற்றிலும் இது நடக்கும். சுவரை நாம் கட்டுவோம். சித்திரத்தை இந்தப் பிள்ளைகள் எழுதட்டும்.

நூலகர் அம்மா, என் தந்தையாரின் வேப்பமர மேசை வெளியே வண்டியில் இருக்கிறது. இழுப்பறையில் அந்தப் பேனாவும், நேற்று வாங்கிய ஒரு கட்டுத் தாளும் இருக்கின்றன. மேசை கனம், கூட்டம் முடிந்ததும் இறக்குவதற்கு நான்கு பேர் வந்தால் போதும். நன்றி, வணக்கம்.