அமுச்சியின் தனி டம்ளர்
(பவானியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கமுங்க.

எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, வாயில் புற்று வந்தபோது வீட்டில் அவருக்குத் தனி வட்டல், தனி டம்ளர் வைத்தார்கள். பிரியம் இல்லாமல் அல்ல, ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். பெயரிலேயே வம்பு இருக்கிறது. புற்று என்றதும் எங்கிருந்தோ பாம்பு வந்து குடியேறிய மாதிரி நினைக்கிறோம். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. அது நம் உடம்பின் சொந்தச் செல்தான்.

இது ஜமக்காள ஊர், தறியை வைத்தே சொல்கிறேன். ஒரு செல் இரண்டாகும்போது தனக்குள் இருக்கும் டிஎன்ஏ என்ற மரபுக் குறிப்பின் சுமார் 600 கோடி எழுத்துகளையும் பார்த்துப் பார்த்து மறுபடி நெய்ய வேண்டும். இழை தப்பத்தான் செய்யும். சரிசெய்ய உள்ளேயே ஏற்பாடு உண்டு. முடியாவிட்டால் அந்தச் செல் தானாகச் செத்துப்போகும். 'நிறுத்து' என்று சொல்லும் இடத்திலும், 'செத்துப்போ' என்று சொல்லும் இடத்திலும் பிசகு சேர்ந்துவிட்டால் தறி நிற்காமல் ஓடும். அதுதான் புற்று. அத்தனை பிசகும் ஒரே செல்லில் சேரப் பெரும்பாலும் பல வருடம் பிடிக்கும். வயதானவர்களுக்கு அதிகம் வருவது அதனால்தான். புகையிலை அந்த வருடங்களைக் குறுக்கிவிடும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான வைரஸ் உடலுறவில் பரவும், அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. ஆனால் புற்று ஒட்டாது. டம்ளரில் ஒன்றும் இல்லைங்க.

அப்புறம் கணக்கு. 2022இல் இந்தியாவில் புதிதாகப் புற்று கண்டவர்கள் சுமார் 14 லட்சம். அதாவது ஆயிரம் பேரில் வருடத்துக்கு ஒருவர். 40 ஆயிரம் பேர் உள்ள ஊரில் சராசரியாக 40 பேர். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரின் இன்னொரு கணக்கோ ஒன்பது பேரில் ஒருவருக்கு என்கிறது. ஏனுங்க, எது நிஜம்? இரண்டும்தான். முதலாவது ஒரு வருடத்துக்கு, அடுத்தது ஆயுசுக்கு. ஒவ்வொரு வருடத்து வாய்ப்பும் ஆயுசுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது, வயது ஏற ஏற வேகமாகச் சேர்கிறது. "அந்தக் காலத்தில் ஏது புற்று?" என்பார்கள். காலராவும் அம்மையும் தப்பவிட்டு, புற்று வரும் வயது வரை எத்தனை பேர் இருந்தார்கள்?

ஈரோட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்: மஞ்சள் தின்றால் புற்று வராது என்பது மனிதர்களிடம் நிரூபணமாகவில்லை. குழம்புக்குப் போடுங்கள், போதும்.

வாயில் மூன்று வாரம் ஆறாத புண் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். அமுச்சிக்குப் புகையிலை அடக்கும் கன்னத்தில் ஆடி மாதம் வந்தது. தையில்தான் வெளியே சொன்னார்.