செவிலியரும் மென்பொருள் பொறியாளரும்: எந்த ஊதியத்தை ஒப்பிடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

செவிலியர் பணிக்குப் படிப்பதா, மென்பொருள் துறைக்குப் போவதா என்று தயங்குபவர்கள் பெரும்பாலும் முதல் மாதச் சம்பளத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் மென்பொருள் துறை பெரும்பாலும் முந்திக்கொள்ளும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீளக்கூடிய ஒரு பணிக்காலத்தை அதன் முதல் மாதத்தைக் கொண்டு மதிப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த ஊதிய வேறுபாட்டுக்குத் திறமை மட்டும் காரணமல்ல. எழுதி முடித்த ஒரு மென்பொருளைப் பத்துப் பேர் பயன்படுத்தினாலும் பத்துக் கோடிப் பேர் பயன்படுத்தினாலும் அதை எழுதியவரின் உழைப்பு ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், நிறுவனத்தின் வருவாய் பெருகும்போது அவருடைய ஊதியமும் உயர வழி இருக்கிறது. செவிலியரின் உழைப்பை அவ்வாறு பெருக்க இயலாது. கலிஃபோர்னியாவில், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியரிடம் 2 நோயாளிகளுக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. விதி இல்லாத இடங்களிலும் ஒருவரால் கவனிக்கக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. மருத்துவமனையின் வருவாயோ பெரும்பாலும் அரசு ஒதுக்கும் நிதியையும் காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும் தொகையையும் சார்ந்திருப்பதால், ஊதியமும் ஓரளவுக்கு மேல் ஏறுவதில்லை.

ஊதியத்தைக் கட்டிப்போடும் அதே எல்லைதான் வேலையைக் காப்பாற்றவும் செய்கிறது. இத்தனை நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்றாகிவிட்ட பிறகு, படுக்கைகள் கூடும்போது பணியிடங்களும் கூடியாக வேண்டும். 2030-ஆம் ஆண்டில் உலகெங்கும் 1 கோடிக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் பற்றாக்குறையாக இருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. ஆயினும் ஆள் தேவைப்படுவது வேறு, அந்த ஆளுக்குச் சம்பளம் தர நிதி ஒதுக்குவது வேறு. நிதி ஒதுக்கப்படாத நாட்டில் செவிலியர் பற்றாக்குறையும் வேலை கிடைக்காத செவிலியர்களும் ஒருசேர இருப்பதைக் காணலாம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பற்றாக்குறையை மட்டும் காட்டி மாணவர்களைச் சேர்க்கும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை.

மென்பொருள் துறையின் இயல்பு வேறு. அங்கே வேலைக்கு எடுப்பதும் அலையாக வரும், நீக்குவதும் அலையாக வரும். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் சுமார் 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனம் சுமார் 12,000 பேரையும் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தன. இத்தகைய காலங்களில் அனுபவசாலிகளைவிட, அப்போதுதான் படிப்பை முடித்து வெளியே வருபவர்களே அதிகம் தவிக்கிறார்கள். சம்பளம் உச்சத்தில் இருக்கும் ஆண்டில் பலரும் அந்தப் படிப்பில் சேர்ந்து, மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து ஒரே நேரத்தில் வேலை தேடி வருவதும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது.

இருவரின் தாள்களையும் அருகில் வைத்துப் பாருங்கள். மென்பொருள் பொறியாளரின் பணி நியமனக் கடிதத்தில் உள்ள பெரிய தொகையில் அடிப்படைச் சம்பளத்துடன் ஊக்கத்தொகையும், சில நிறுவனங்களில் பங்குகளும் அடங்கியிருக்கும். அந்தப் பங்குகள் பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கைக்கு வருபவை. முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் ஒன்றுமே கிடைக்காத ஏற்பாடும் பரவலாக உண்டு. செவிலியரின் சம்பளச் சீட்டிலோ அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே இரவுப் பணிப்படி, மிகைநேர ஊதியம், விடுமுறை நாள் பணிக்கான தொகை என்று வரிசையாக இருக்கும். முன்னதில் நிறுவனத்தின் எதிர்காலத்தை நம்பிச் சேர்த்த தொகை இருக்கிறது. பின்னதில் உறக்கத்தை விட்டுக்கொடுத்துச் சேர்த்த தொகை இருக்கிறது. ஆகவே மொத்தத் தொகைகளை நேருக்கு நேர் வைப்பதைவிட, உறுதியான பகுதியை மட்டும் எடுத்து, உண்மையில் உழைத்த மணிநேரத்தால் வகுத்துப் பார்ப்பதே பொருத்தமானது. அப்படி வகுத்தாலும் பல இடங்களில் மென்பொருள் துறையே முன்னிற்கும். இடைவெளி மட்டும் கொஞ்சம் குறையும்.

நாடு மாறுவதிலும் துறை மாறுவதிலும் இரண்டுக்கும் நடைமுறை வேறுபடுகிறது. நிரல் எழுதுபவருக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. செவிலியரோ பொதுவாகப் போகும் நாட்டின் பதிவுத் தேர்வையோ தகுதிச் சரிபார்ப்பையோ கடந்தாக வேண்டும். அதே பதிவு, உள்ளே வந்துவிட்டவருக்கு ஒரு பாதுகாப்பும் ஆகிறது. மருத்துவமனை மென்பொருள்களை வடிவமைக்கும் குழுக்களில் வார்டு அனுபவமுள்ள செவிலியர்களுக்கு இடம் உண்டு. பொறியாளர் செவிலியராக வேண்டுமானால், அந்தப் படிப்பைத் தொடக்கத்திலிருந்து படித்துப் பதிவு பெற்றுத்தான் வர வேண்டும்.

நன்றி, வணக்கம்.