குயிலுக்கு எத்தனை விரல்?

எல்லோருக்கும் மாலை வணக்கம். வெளியே மாட்டியிருக்கும் பறவைப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பீர்கள். அதில் ஒரு குயில், அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோயிருக்கும். அந்தக் கிழிசலைப் பற்றித்தான் பேச வந்தேன்.

தொடக்கநிலை மூன்றாம் வகுப்பு மாணவர்களைக் குயில் வரையச் சொன்னேன். எல்லோரும் கறுப்புக் கலர் பென்சிலை எடுத்தார்கள். குயில் என்றால் கறுப்பு. நமக்கும் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள்? சரி, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு வாரம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். விடியற்காலையில் அது நம் தூக்கத்தைக் கெடுக்கும். ஆளைத் தேடினால் இலைக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரு பையன் மட்டும் பார்த்துவிட்டான். "டீச்சர், பக்கத்துக் கிளையில இன்னொண்ணு. பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. ரெண்டுக்கும் கண்ணு சிவப்பு!" நூலகப் புத்தகங்களைப் புரட்டினோம். கறுப்பு ஆண், புள்ளிக்காரி பெண். ஏற்றி ஏற்றிக் கூவுவதும் ஆண்தான். பெண் 'கிக் கிக் கிக்' என்று கத்தும். நன்றாகப் பாடும் பெண்ணைக் குயில் என்கிறோமே, இனி யோசித்துத்தான் சொல்ல வேண்டும்!

அப்புறம் கால். மைனாவுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. ஒரு மாணவி குயிலுக்கும் அதையே போட்டுவிட்டாள். புகைப்படத்தில் பார்த்தால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. படிக்கும்போது காலைத் தாண்டிப் போய்விடலாம். வரைய உட்கார்ந்தால் எத்தனை விரல் என்று பென்சில் கேட்கும். இணையப் படத்தை வெட்டி ஒட்டக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான். அழித்தாள், வரைந்தாள், மறுபடி அழித்தாள். புதுத் தாள் நீட்டினேன், வாங்கவில்லை.

கூடு வரையலாமா என்றார்கள். குயில் கூடு கட்டாது, காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்றதும் வகுப்பில் ஒரே சண்டை: அது திருட்டா, இல்லையா? அதை விட்டுவிடுகிறேன்.

இன்னொருவன் இருவாச்சி எடுத்துக்கொண்டான். சிங்கப்பூரில் இல்லாமலே போய், 1994இல் புலாவ் உபின் தீவில் மறுபடி தென்பட்ட பறவை. பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சின்னப் பிளவு வழியாக ஆண் பழம் ஊட்டும். அவன் தாள் முழுக்கப் பழுப்புத் தீட்டி, நடுவில் ஒரு கீறல், அதில் அலகு நுனி மட்டும் வைத்திருந்தான். பறவை எங்கேடா என்றேன். "உள்ள அடைகாக்குது டீச்சர், சத்தம் போடாதீங்க."

கதவுக்கு இடப்பக்கம் மாட்டியிருக்கிறேன். போகும்போது பாருங்கள்.